சந்தன மாலையும் ஓர் அமெரிக்கப் பேயும்

லீலாவதி டீச்சரின் முன்னறையில் பன்னிரண்டு மடக்குக் கதிரைகள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவற்றில் ஒன்றாவது வெறுமையாக இருந்து நான் கண்டதில்லை. பிந்தி வருகிற பிள்ளை ரேடியேட்டரோடு ஒட்டிய கடைசிக் கதிரையில் இருந்துதான் வயலின் வாசிக்க வேண்டும். குளிர்காலத்தில் அந்தப் பிள்ளைதான் அதிர்ஷ்டசாலி.

நவம்பரின் ஒரு சனிக்கிழமை மகள் ஆரணியைக் கொண்டுபோய் விட்டபோது ஏழு கதிரைகள் மடித்தபடியே சுவரில் சாய்ந்திருந்தன. யன்னல் கண்ணாடியில் ஈரம் வழிந்தது. லண்டன் வால்தம்ஸ்டோவின் அந்தத் தெருவில் சனிக்கிழமைகளில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அன்று டீச்சரின் வாசலிலேயே கிடைத்தது. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

டீச்சர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “எல்லாருக்கும் சளியாம், சார்.”

ஏழு வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் சளி. நான் கவுன்சிலில் பார்க்கிங் பெர்மிட் பகுதியில் பல வருடமாக வேலை செய்கிறவன். மனிதர்கள் சொல்லும் காரணங்களை எடைபோடுவதில் கொஞ்சம் பயிற்சி உண்டு. அது சளி இல்லை.

அது நான்.

போன கிழமை இந்தப் பத்தியில் எங்கள் வீட்டுக் குசினியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி சுகந்தி, இனிமேல் வேறு யாருடைய மானத்தையாவது வாங்கும்படி கேட்டுக்கொண்டாள். ஆகவே இந்தக் கிழமை என்னுடையதை வாங்குகிறேன்.

கதவைத் தட்டிய முகமூடிகள்

ஹாலோவீனுக்கும் எனக்கும் தொடக்கத்திலிருந்தே சரிவரவில்லை.

இந்த நாட்டுக்கு வந்த முதல் ஒக்டோபரில் நாங்கள் ஆறு பேர் வட லண்டன் எட்மண்டனில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். ஆறு பேருக்கும் சேர்த்து இரண்டு குளிர் ஜக்கெட்டுகள். வெளியே போகிறவன் போட்டுக்கொள்வான், மற்றவர்கள் போர்வைக்குள் இருந்து அவனுக்கு வழி சொல்லுவோம். ஒருநாள் பின்னேரம் யாரோ கதவைத் தட்டினார்கள். கதவுத் துவாரத்தால் எட்டிப் பார்த்தவன் திரும்பி வந்தான். “முகமூடி போட்டவங்கள் நிக்கிறாங்கள்” என்று காற்றாகத்தான் சொன்னான்.

நாங்கள் விட்டுவந்த யாழ்ப்பாணத்தில், ஆமிக்கு ஆள் காட்டுகிற முகமூடி போட்டவன் தலையை ஆட்டினால் எதிரே நிற்கிறவன் இல்லாமல் போவான். ஆறு பேரும் லைட்டை நிறுத்திவிட்டு நிலத்தில் படுத்தோம். வெளியே ஒரு சின்னக் குரல் சிரித்தது. பிறகு இன்னொன்று. கடைசியில் எங்களுக்குள் துணிந்தவன் போய்க் கதவைத் திறந்தான். இடுப்பளவு உயரத்தில் நாலு பேய்கள் பிளாஸ்டிக் வாளிகளை நீட்டிக்கொண்டு நின்றன.

வீட்டில் இனிப்பு என்று ஒன்றும் இல்லை. பாண் இருந்தது, சீனி இருந்தது. ஆளுக்கொரு துண்டுப் பாணில் சீனி தூவிக் கொடுத்தோம். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போன அந்தப் பேய்கள் அதற்குப் பிறகு எங்கள் படியில் ஏறவே இல்லை.

நிலத்தில் படுத்த அவமானம் எனக்குப் போகவில்லை. எப்படியாவது இந்தப் பண்டிகையை வென்றுவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. ஒரு வருடம் பூசணிக்காய் வெட்டினேன், கூடவே பெருவிரலையும் வெட்டினேன். பிறகு, இரத்தம் வராத வழி என்று பேய்க்கதைகள் படிக்கத் தொடங்கினேன். படித்ததை யாருக்காவது சொல்லாமல் இருக்க ஏலாத வியாதி எனக்குப் பிறவியிலேயே உண்டு.

புத்தகத்தில் இருந்த பெண்

அட்டை போன ஒரு பழைய புத்தகம், தர்மத்துக்குப் பழைய சாமான் விற்கிற ஏதோ சரிட்டி கடையில் கிடைத்தது. அமெரிக்காவில் வாய்வழியாக உலாவிய பேய்க்கதைகள். அதில் ஒன்று எனக்குப் பிடித்துப்போயிற்று. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். மற்றப் பாதிக்காகச் சொல்கிறேன்.

மழை. ஊருக்கு வெளியே நீண்ட தெரு. ஓர் இளைஞன் தனியே கார் ஓட்டி வருகிறான். தெருவோரம் வெள்ளை உடுப்பில் ஒரு பெண் நனைந்துகொண்டு நிற்கிறாள். ஏற்றிக்கொள்கிறான். நடுங்குகிறாள் என்று தன் ஜக்கெட்டைக் கழற்றிக் கொடுக்கிறான். அவள் வீட்டு விலாசத்தைச் சொல்கிறாள், வேறொன்றும் கதைக்கவில்லை. வாசலில் இறக்கிவிட்டு வருகிறான். ஜக்கெட்டை வாங்க மறந்துபோகிறான்.

மறுநாள் அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறான். வயதான ஓர் அம்மா திறக்கிறார். மகளா, மகள் செத்துப் பத்து வருடமாயிற்றே என்கிறார். அவன் நம்பவில்லை. அந்த அம்மா அவனைக் கல்லறைக்குக் கூட்டிப் போகிறார். அங்கே, மகளின் பெயர் வெட்டிய கல்லுக்கு மேலே, அவனுடைய ஜக்கெட் மடித்து வைத்தபடி கிடக்கிறது.

அவ்வளவுதான். இரத்தமில்லை, பல்லில்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டும் கேட்கிற பேய். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற எவனுக்கும் அவளை விளங்கும். அதைவிட, இரவல் வாங்கியதை மடித்துத் திருப்பி வைக்கிறாள். உயிரோடிருக்கிற என் நண்பர்களில் அப்படி ஒருவரும் இல்லை.

கல்லறைக்குப் பதிலாக

ஹாலோவீன் அன்று வயலின் வகுப்புப் பெற்றோர் எல்லோரும் கேதீஸ் அண்ணை வீட்டில் கூடுவது வழக்கம். பிள்ளைகள் தெருவைச் சுற்றி இனிப்புச் சேர்த்து வரும்வரை நாங்கள் மட்டன் ரோல்ஸுக்குக் காவல் இருப்போம். கேதீஸ் அண்ணை மருந்துக்கடை வைத்திருக்கிறார், பொறுமைசாலி. அவருடைய மனைவி ரஞ்சி அக்கா, வீட்டுக்கு வேண்டிய பொறுமை முழுவதையும் கணவரிடமே விட்டுவிட்டவர்.

குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு மாற்றிய கிழமை. பின்னேரம் ஆறு மணிக்கே வெளியே கறுத்துக் கிடந்தது. சும்மா இருக்கிற நேரத்துக்கு ஒரு பேய்க்கதை சொல்லுமன் என்று ரஞ்சி அக்காதான் கேட்டா. அதை இங்கே பதிவு செய்து வைக்கிறேன்.

அமெரிக்கா என்றால் இவர்களுக்கு உறைக்காது என்று நினைத்தேன். திமிர்தான், வேறென்ன. அந்த நீண்ட தெருவை லண்டனைச் சுற்றிப் போகிற நோர்த் சேர்குலர் ரோட் ஆக்கினேன். இளைஞனை மினிகாப் டாக்ஸி ஓட்டுகிற எங்கட பெடியன் ஆக்கினேன். வெள்ளை உடுப்புக்காரியைப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை போட்ட தமிழ்ப் பிள்ளை ஆக்கினேன். வீட்டை வால்தம்ஸ்டோவில் வைத்தேன். சனிக்கிழமைகளில் காருக்குள் காத்திருந்து காத்திருந்து எனக்கு மனப்பாடமான தெரு அங்கேதான் இருக்கிறது.

“எந்த ஊர்ப் பிள்ளை?” என்று கேதீஸ் அண்ணை இடையில் கேட்டார்.

“பேய், அண்ணை. அவன் ஊர் கேக்கேல்லை.”

“ஊர் கேக்காமலே ஏத்தினவன்?” பேயைவிட அதுதான் அவருக்கு அதிர்ச்சி.

மற்றப்படி கதை நன்றாகவே போயிற்று. ரோல்ஸ் எடுத்த கைகள் வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றன. அம்மா கதவைத் திறந்தா. பத்து வருடம் என்றா. பெடியனைக் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போக வெளிக்கிட்டா.

“பொறும் தம்பி,” என்றா ரஞ்சி அக்கா. “எங்கட பிள்ளையெண்டால் எரிச்சிருப்பினமே. கல்லறை எங்காலை?”

வேதக்காரராய் இருக்கலாம், கிறிஸ்தவர்கள் புதைப்பார்கள்தானே என்று கேதீஸ் அண்ணை எனக்குக் கைகொடுத்தார். அப்ப ஏன் கதவுக்கு மேல பிள்ளையார் படம் எண்டு சொன்னீர் என்று அக்கா மடக்கினா. சொல்லியிருந்தேன்தான். அலங்காரத்துக்குச் சொன்னது.

கல்லறை இல்லாமல் ஒருவர் இறந்துபோனதை எங்கள் ஆட்களுக்கு எப்படிக் காட்டுவது? யோசிக்க நேரமே தேவைப்படவில்லை. எங்களுக்கு ஒரே அடையாளம்தான். சுவரில் ஒரு படம், படத்துக்கு ஒரு மாலை. அதைக் கண்டால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

“கல்லறை இல்லை அக்கா,” என்றேன். “அம்மா அவனை உள்ள வரச் சொல்லுறா. கதவால நுழைஞ்ச உடன இடப்பக்கம், சப்பாத்துத் தட்டுக்கு மேல, சுவரில ஒரு படம். இரட்டைப் பின்னல், வெள்ளைச் சட்டை, சந்தன மாலை. படத்துக்குக் கீழ அவன்ரை ஜக்கெட் மடிச்சு வைச்சுக் கிடக்கு.”

அறை அப்படியே உறைந்துபோயிற்று. ஒரு கதை சொல்லிக்கு ஆயுளில் ஒருதரம்தான் இப்படி ஒரு மௌனம் கிடைக்கும் என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்தேன்.

காரில் திரும்பி வரும்போது சுகந்தி கேட்டாள். “அது டீச்சர் வீட்டுப் படமெல்லே?”

ஒருவரும் கேட்காத படம்

டீச்சர் வீட்டு நடையில் அப்படியே ஒரு படம் இருக்கிறது. அதே இடம், அதே பின்னல். காய்ந்து பழுப்பான சந்தன மாலை. பதினொரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை, நேரே உங்களைப் பார்க்கும்.

டீச்சர் மலேசியாக்காரர், ஈப்போ. படிக்க வந்து, ஒரு வங்கியில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, அந்த வீட்டில் தனியே இருக்கிறார். பிள்ளைகுட்டி பற்றி அவர் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதில்லை. படத்தைக் கண்டோம், விளங்கிக்கொண்டோம். நாலு வருடமாக அந்த வீட்டுக்குள் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்போம். பிள்ளைகளுக்கும் அப்படியே பழக்கியிருந்தோம். இதை எங்களுக்குள்கூட ஒருவரும் பேசி முடிவு செய்ததில்லை.

நான் அந்தப் படத்தை வேண்டுமென்றே இழுத்து வரவில்லை. அவசரத்துக்கு மண்டைக்குள் கையை விட்டேன், கையில் அகப்பட்டது அது. ஒரு தனி மனுசியின் துக்கத்தை எடுத்து மட்டன் ரோல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்துவிட்டேன்.

ஒரு கிழமைக்குள் கதை என்னை விட்டு வெகுதூரம் போய்விட்டது. வெம்பிளியில் ஒரு புடவைக்கடையில் வைத்துச் சுகந்திக்கே ஒருவர் அதைச் சொன்னாராம். அந்தப் பெடியனை அவருக்குத் தெரியுமாம். வெள்ளி நிற டொயோட்டாவாம். என் கதையில் காருக்கு நிறமே இருக்கவில்லை.

வகுப்புப் பெற்றோரின் கைபேசிக் குழுவில் எழுதினேன். இது அமெரிக்காவின் பழைய கதை, டீச்சருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தவறு என்னுடையது. பதிலுக்குக் கைகூப்பிய சின்னப் படங்கள் வந்தன. அது எங்கள் குழுவில் மரண அறிவித்தலுக்குப் போடுகிற படம்.

பிறகு ரஞ்சி அக்கா தொலைபேசியில் வந்தா. டீச்சருக்காக நான் மறைக்கிறேன் என்றும், அது என் நல்ல மனம் என்றும், ஆனால் தனக்கு ஒரே ஒரு பெண்பிள்ளை என்றும் சொன்னா. வகுப்பு காலை பத்து மணிக்குத்தானே அக்கா என்றேன். பேய்க்கு நேரம் தெரியுமே என்று கேட்டா.

மறுநாள் புத்தகத்தையே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கதையை முழுதாகப் படித்தா. மூடி என்னிடம் திருப்பித் தந்தா.

“பாத்தீரே,” என்றா, “அமெரிக்காவிலையும் நடந்திருக்கு.”

எந்த மகள்?

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

வகுப்பு முடிந்து மற்ற நாலு பிள்ளைகளும் போய்விட்டார்கள். ஆரணி வில்லுக்கு ரோசின் பூசிக்கொண்டு தாமதம் செய்தாள். டீச்சர் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். மார்கழியில் ஆண்டுக் கச்சேரி, தேவாலய மண்டபம் சொல்லி வைத்தாயிற்று. ஐந்து வயலினை வைத்துக்கொண்டு மேடை ஏற முடியாது என்றார். ஈப்போவில் அவருடைய அண்ணன் இருக்கிறார். தனியாக அங்கே என்ன செய்கிறாய், வந்துவிடு என்று வருடக்கணக்காகக் கூப்பிடுகிறார். இந்தத் தடவை சரியென்று சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன் என்றார். தேயிலை முடிந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “எனக்குச் சொல்லிக் குடுக்க வரலையோ, சார்? முன்ன மாதிரி இல்லையோ?”

அந்தக் கேள்விக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு ஏலவில்லை. எழும்பி நின்று சொன்னேன். நோர்த் சேர்குலர், மினிகாப், வெள்ளைச் சட்டை, எல்லாம். ஆரணி வாயைத் திறந்தபடி பார்த்தாள். “ஓ மை கோட், அப்பா,” என்றாள், ஒவ்வொரு சொல்லாக.

“உங்கட மகளின்ரை படத்தைப் போய் நான் அப்பிடிச் செய்திருக்கக் கூடாது, டீச்சர். மன்னிக்க வேணும்.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “எந்த மக?”

நான் நடைப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் எழும்பிப் போய், தன் வீட்டுப் படத்தைத் தானே முதல்தடவை பார்க்கிறவர்போல நின்று பார்த்தார்.

“சார்,” என்றார். “அது நான்லா.”

ஈப்போவில் பள்ளிக்கூட மண்டபத்தில் முதல்தடவை மேடையில் வாசித்த அன்று எடுத்த படமாம். மாலை, அன்று தலைமையாசிரியை போட்டது. இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது நடையில் ஓர் ஆணிதான் இருந்தது. படத்தை மாட்டினார், மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதே ஆணியில் மாட்டினார். அவ்வளவுதான் வரலாறு.

“இத்தனை வருஷமா எல்லாரும் என் வீட்ல ரகசியம் மாதிரி பேசுறீங்களே, அது இதுக்குத்தானா?” என்று கேட்டார். “நான் யாழ்ப்பாணத்து ஆளுங்க ரொம்ப டீசன்ட்னு ஈப்போ முழுக்க சொல்லி வெச்சிருக்கேன்லா.”

சிரித்தார். ரேடியேட்டரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அந்த வீட்டில் அவ்வளவு சத்தத்தை நான் கேட்டதேயில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாளம் பிசகிய பிள்ளையைப் பார்க்கிற பார்வையில் என்னைப் பார்த்தார்.

“பேய நீங்கதானே கொண்டாந்தீங்க. ஏழு பிள்ளைங்களையும் நீங்களே கொண்டாங்க.”

இரண்டாவது தடவை

வழியை அவரே கண்டுபிடித்தார். அடுத்த சனிக்கிழமை பதினொன்றரைக்குப் பெற்றோர் எல்லோரும் தேத்தண்ணிக்கு வர வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தானே தொலைபேசி எடுத்தார். காரணம் சொல்லவில்லை. எல்லோரும் வந்தார்கள். எங்கள் ஆட்களுக்குப் பேய்க்குப் பயம் உண்டு. ஆனால் ஒருவர் வீடு தேடிக் கூப்பிட்டுப் போகாமல் விட்டால் நாலு பேர் என்ன கதைப்பார்கள் என்ற பயம் அதைவிடப் பெரியது.

படத்தை நடையிலிருந்து கழற்றி, மாலையோடு முன்னறை மியூசிக் ஸ்டாண்டில் வைத்திருந்தார். பக்கத்தில் என்னை நிறுத்தினார். வந்தவர்கள் படத்தைக் கண்டதும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

“சொல்லுங்க, சார். எந்த நாட்டுக் கதையோ அந்த நாட்டுலயே வெச்சுச் சொல்லுங்க.”

சொன்னேன். அந்தக் கதையை உலகத்தில் யாரும் இவ்வளவு மோசமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். பட்டப்பகல். கையில் மாரி பிஸ்கட். அமெரிக்கத் தெரு, அமெரிக்கப் பெடியன், அமெரிக்க மழை. கல்லறைக் கல்லில் ஜக்கெட்டை மடித்து வைத்து முடித்தபோது ஒருவரும் பயப்படவில்லை. மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள்.

“அந்தப் பொண்ணு வேற,” என்றார் டீச்சர். “இது நான். பதினோரு வயசு.”

தலைகள் படத்துக்குப் போயின, டீச்சரின் முகத்துக்கு வந்தன, திரும்பப் படத்துக்குப் போயின. இரண்டிலும் இடக் கன்னத்தில் ஒரே குழி. நாலு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு முகங்களையும் பார்த்தவர்கள் நாங்கள். ஒருவருமே இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. மாலையைக் கண்டதும் பார்ப்பதை நிறுத்திவிட்டோம்.

ரஞ்சி அக்கா எழும்பிக் கிட்டப் போனா. “நாங்கள் உங்களைப் போய், டீச்சர்...” என்று தொடங்கினா, முடிக்கவில்லை. அவர் ஒரு வசனத்தை முடிக்காமல் விட்டதை நான் அன்றுதான் கண்டேன். பிறகு, “அந்த மாலையை எண்டாலும் கழட்டுங்கோவன். பாக்க மனசுக்கு ஒரு மாதிரிக் கிடக்கு” என்றா.

“நான் ஏன் கழட்டணும்? வாசிச்சு வாங்குன மாலை. நீங்க பாக்குறத மாத்திக்குங்க.”

“அப்ப இனிச் சத்தமாக் கதைக்கலாமோ, டீச்சர்?” என்று கேதீஸ் அண்ணை கேட்டார். முதலில் சிரித்தது டீச்சர்தான். பிறகு அறையே சிரித்தது.

ரஞ்சி அக்காவின் மகள் வெளியே காருக்குள் இருந்திருக்கிறாள். தாய் இறங்க விடவில்லை. கேதீஸ் அண்ணை போய்க் கூட்டிவந்தார். ஒரு கையில் மகள், மறுகையில் வயலின் பெட்டி. தேத்தண்ணிக்கு மட்டும் வந்தவர்களின் காருக்குள் அந்தப் பெட்டியை யார் எடுத்து வைத்தது என்று நான் கேட்கவில்லை. ரஞ்சி அக்கா யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றா.

பன்னிரண்டு மணிக்கு டீச்சரின் கைபேசி அடித்தது. அண்ணன். மலேசியாவில் இரவுச் சாப்பாடு முடிகிற நேரம். டீச்சரின் இரண்டு கையிலும் தட்டு இருந்ததால் ஆரணிதான் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள். டிக்கெட்டைப் போட்டுவிடவா, நாளைக்கு விலை ஏறிவிடுமாம் என்று ஒரு முதிய குரல் கேட்டது. நான் பிஸ்கட்டைக் கடிக்காமல் வைத்திருந்தேன்.

“அண்ணே, நான் எப்படி வர்றது?” என்றார் டீச்சர். “இங்க என்னைச் சாகடிச்சு நாலு வருஷமாச்சு. இப்பதான் எழுந்திரிச்சிருக்கேன். டிசம்பர்ல கச்சேரி வேற இருக்கு.”

ஈப்போ “சாப்டியா?” என்று கேட்டது.

“இன்னும் இல்ல அண்ணே. வீடு நிறைய ஆளுங்க.”